அரசுப் பள்ளியா, தனியாரா? மன்னார்குடிக் குடும்பங்கள் நாலு தடவை எடுக்கும் முடிவு

ஜூன் மாதம் காவிரி டெல்டாவில் இரண்டு விஷயங்கள் திறக்கும். ஒன்று மேட்டூர் அணை. வழக்கமான தேதி ஜூன் 12. இன்னொன்று பள்ளிக்கூடம். திருவாரூர் மாவட்டம் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில், கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் பிரச்சினை. சம்பா அறுவடைக் காசு தை, மாசியில் வந்து பங்குனியோடு கரைந்துவிடும். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில்தான். கையில் காசே இல்லாத மாதம் என்றால் அது ஜூன். தனியார் பள்ளி முதல் தவணையைக் கேட்பதும் அதே ஜூனில்தான்.

இப்படி இருந்தும் அந்தக் குடும்பங்களில் கணிசமானவை பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில்தான் ஏற்றிவிடுகின்றன. ஏன்? "கௌரவத்துக்காக" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது பாதி உண்மைகூட இல்லை.

பள்ளித் தேர்வைப் பற்றிப் பேசும்போது பலரும் அதை ஒரே நாளில் எடுக்கும் ஒரே முடிவாக நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு ஏழைக் குடும்பம் இந்த முடிவை நாலு தடவை எடுக்கிறது: 3 வயதில், 1-ஆம் வகுப்பில், 6-ஆம் வகுப்பில், 9-ஆம் வகுப்பில். ஒவ்வொரு தடவையும் கணக்கு வேறு. எந்தக் கட்டத்தில் எதை இழக்கிறோம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதல் முடிவு: 3 வயது

அரசுப் பள்ளி பிள்ளையை 5 வயதில் 1-ஆம் வகுப்பில் சேர்க்கிறது. தனியார் பள்ளி 3 வயதிலேயே எல்கேஜியில் சேர்த்துக்கொள்கிறது. இடையில் உள்ள இரண்டு ஆண்டுகளுக்கு அரசிடம் இருப்பது அங்கன்வாடி. அங்கே சத்துணவு உண்டு, பாதுகாப்பு உண்டு. ஆனால் பெற்றோர் கண்ணுக்கு அது "பள்ளிக்கூடம்" இல்லை. நடவுக்கோ களையெடுப்புக்கோ காலையிலேயே கிளம்ப வேண்டிய தாய்க்கு, வாசலுக்கே வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் வேன் பெரிய நிம்மதி. ஏபிசிடி சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

ஆக, முதல் போட்டியில் அரசுப் பள்ளி தோற்பதில்லை. களத்தில் இறங்குவதே இல்லை. எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை அதே பள்ளியில் 1-ஆம் வகுப்புக்குப் போவதுதான் இயல்பு.

இதை அரசு உணராமல் இல்லை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022 ஜூனில் இந்த வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற நிலை வந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. பெற்றோர் பார்வையில் இந்தத் தடுமாற்றமே ஒரு செய்திதான். அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாத வகுப்பில் யாரும் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள்.

இரண்டாவது முடிவு: 1-ஆம் வகுப்பு

இங்கே பெற்றோர் முதலில் பார்ப்பது வாத்தியார்களை. "எத்தனை டீச்சர் இருக்காங்க?" என்பதுதான் கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் தலைமை ஆசிரியர் என்றால் பதிவேடு, இணையப் பதிவு, கூட்டம் என்று அவர் நேரத்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சமுள்ள நேரத்தில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டும்.

கணக்குப்படி இது சரி. 40 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்றால் 20-க்கு ஒருவர். நல்ல விகிதம்தான். ஆனால் பெற்றோர் விகிதத்தைப் பார்ப்பதில்லை. "ஒண்ணாவதுக்கும் மூணாவதுக்கும் ஒரே ரூமு" என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் தப்பு இல்லை.

இதிலிருந்து ஒரு சுழல் தொடங்குகிறது. பத்துப் பிள்ளைகள் தனியாருக்குப் போனால் சேர்க்கை குறையும். சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி ஆகும். அவர் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். ஆசிரியர் குறைந்தால் இன்னும் பத்துப் பேர் போவார்கள். பள்ளியை மூட யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. அது தானாகவே ஆளில்லாமல் போகும்.

டெல்டா கிராமத்தில் இந்தச் சுழலுக்கு ஒரு சாதி முகமும் உண்டு. முதலில் வேனில் ஏறுவது நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அதன் பிறகு ஊர்ப் பள்ளி "காலனிப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம்" என்று பேச்சில் மாறுகிறது. அடுத்த கட்டமாக, காலனியிலும் கொஞ்சம் காசு புழங்கும் வீடுகள் வெளியேறப் பார்க்கின்றன. அங்கே அவர்கள் வாங்குவது ஆங்கிலத்தை மட்டும் அல்ல. ஊரார் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் இடத்தையும் சேர்த்துத்தான். இதைக் கௌரவ மோகம் என்று கிண்டல் செய்வது நியாயமில்லை.

தனியார் பள்ளி நிஜமாகவே நல்லா சொல்லித் தருதா?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் நடந்த மிக முக்கியமான சோதனை பக்கத்து மாநிலத்தில் நடந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் இதை ஆராய்ந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலருக்கு, தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கொடுக்கப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். ஆய்வு 2015-ல் வெளியானது.

முடிவு என்ன? தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். காரணம், தனியார் பள்ளிகள் அதற்கு நேரம் ஒதுக்கின. கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது, அரசுப் பள்ளி செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதை இரண்டு பக்கமும் படிக்கலாம். "தனியாரில் பெரிய கற்றல் லாபம் இல்லை" என்பது ஒன்று. "அவ்வளவு குறைந்த செலவில் அதே அளவு சொல்லித் தருகிறார்கள், அரசு ஏன் அதைவிட நன்றாகச் செய்ய முடியவில்லை" என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். பெற்றோருக்கு இதில் உள்ள பாடம் ஒன்று: சீருடையைப் பார்த்துக் கற்றலை அளக்க முடியாது.

ஆனால் பெற்றோரால் பார்க்க முடிவது அதைத்தானே? பள்ளிக்கே போகாத தாய் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திருத்திப் பார்க்க முடியாது. வேன் நேரத்துக்கு வருதா, டை கட்டியிருக்கா, டைரியில் எழுதி அனுப்புறாங்களா, லீவு போட்டா போன் பண்றாங்களா என்பதைப் பார்க்க முடியும். தனியார் பள்ளி பெற்றோரிடம் தினமும் பேசுகிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகள் பெற்றோரைக் கூட்டத்துக்குத்தான் கூப்பிடுகின்றன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய கூட்டத்துக்கு.

எவ்வளவு செலவு?

2025-ல் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் நடத்திய கல்விச் செலவு ஆய்வில், இந்திய அளவில் ஓர் அரசுப் பள்ளி மாணவருக்குக் குடும்பம் செய்யும் செலவு ஆண்டுக்கு சராசரியாக 2,863 ரூபாய். அரசு சாராத பள்ளிகளில் 25,002 ரூபாய். வித்தியாசம் 22,139 ரூபாய்.

இதைக் கூலியாக மாற்றிப் பார்த்தால்தான் கனம் தெரியும். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். முழுக் கூலியும் கிடைத்தாலும் அந்த வித்தியாசம் 66 நாள் உழைப்பு. ஒரு பிள்ளைக்கு. இந்தச் சராசரியில் பெருநகரப் பள்ளிகளும் அடக்கம். மன்னார்குடி பக்கத்துச் சின்ன நர்சரிப் பள்ளியில் தொகை குறையலாம். என்றாலும் வேன், புத்தகம், சீருடை, ஆண்டு விழா என்று பட்டியல் நீளும்போது, கூலிக் குடும்பத்துக்கு அது நகைக்கடனிலோ குழுக்கடனிலோ போய் நிற்கும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் பல வீடுகளில் பாகப்பிரிவினை நடக்கிறது: பையன் தனியாருக்கு, பொண்ணு அரசுப் பள்ளிக்கு. நாடு முழுக்க கிராமங்களில் எடுக்கப்படும் 'ஏசர்' கல்வி ஆய்வுகளில், அரசுப் பள்ளிச் சேர்க்கை பையன்களைவிடப் பெண் பிள்ளைகளிடம் அதிகமாக இருப்பது தொடர்ந்து தெரிகிறது.

காசு இறுகும்போது குடும்பம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் அதே ஆய்வில் சான்று உண்டு. கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருந்தவர்கள் 2018-ல் 65.6 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் அது 72.9 ஆக உயர்ந்தது. 2024-ல் மறுபடி 66.8-க்கு இறங்கிவிட்டது. வந்தவர்களைத் தக்கவைக்க ஒரு நல்ல வாய்ப்பு கையில் கிடைத்து, நழுவிப்போனது.

மூன்றாவது முடிவு: 6-ஆம் வகுப்பு

இதுதான் யாரும் சொல்லித் தராத முடிவு. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. முதல் ஆண்டிலேயே சுமார் 400 எம்பிபிஎஸ், பிடிஎஸ் இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிவானது. நிபந்தனை: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்.

அதாவது 11 வயதில் எடுக்கும் முடிவு 18 வயதில் கிடைக்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. 5-ஆம் வகுப்பு வரை தனியாரில் படித்த பிள்ளை 6-ல் அரசுப் பள்ளிக்கு வந்தால் இந்தச் சலுகைகள் முழுசாகக் கிடைக்கும். கட்டணம் கட்டிப் படித்து, 7-ல் பணம் கட்ட முடியாமல் வந்தால் 7.5 கதவு மூடிவிடும். ஒரே ஒரு வருஷம்தான் வித்தியாசம்.

இங்கே மன்னார்குடிக்கு ஒரு தனிக் குழப்பம். ஊரில் பலரும் பெருமையாகச் சொல்லும் பழைய பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகள். 19-ஆம் நூற்றாண்டில் வெஸ்லியன் மிஷன் தொடங்கிய பின்லே பள்ளி அந்த வகைதான். சம்பளம் அரசு தருகிறது, நிர்வாகம் தனியார். கட்டணம் குறைவு, பேர் பெரியது. அதனால் சாமானியக் குடும்பங்களுக்கு இது மூன்றாவது வழி. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளிகள் சேராது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஒதுக்கீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. "அதுவும் அரசு சம்பளம்தானே" என்று நம்பிச் சேர்க்கும் குடும்பத்துக்கு இது 12-ஆம் வகுப்பு முடிந்த பிறகு தெரிந்தால் என்ன பயன்? உதவி பெறும் பள்ளி மோசம் என்று அர்த்தம் இல்லை. தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது முடிவு: 9-ஆம் வகுப்பு

தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இந்த இலவசம் 8-ஆம் வகுப்போடு முடிகிறது. 9-ல் முழுக் கட்டணம். பத்து வருஷம் ஒரே பள்ளியில் இருந்த பிள்ளை, பொதுத் தேர்வுக்கு ஒரு வருஷம் முன்னால் பள்ளி மாற வேண்டும். இல்லையென்றால் குடும்பம் கடன் வாங்க வேண்டும். சட்டத்தின் கீழ் சேர்ந்து 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 ஒதுக்கீடு உண்டு. இந்த விதியை எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

அந்த 25 சதவீத இடமும் 2025-ல் ஆட்டம் கண்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு தரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நடக்க வேண்டிய சேர்க்கை நின்றது. வழக்கு நீதிமன்றம் போய், அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பள்ளி திறந்து நாலு மாதம். ஜூனிலேயே பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்க்க முடிந்தவர்களால்தான் அக்டோபர் வரை காத்திருக்க முடியும். யாருக்காகச் சட்டம் வந்ததோ அவர்களால் முடியாது. டெல்லியும் சென்னையும் கொள்கைக்காகச் சண்டை போடட்டும். அதற்கான விலையை 3 வயதுப் பிள்ளை கொடுக்கக் கூடாது.

பாக்கி இருந்தா டிசி தருவாங்களா?

தனியாரிலிருந்து வெளியே வர நினைக்கும் குடும்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் கட்டண பாக்கி. "பாக்கியைக் கட்டிட்டு டிசி வாங்கிக்கோங்க" என்பதற்குப் பயந்தே பலர் இன்னொரு கடன் வாங்குகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: 8-ஆம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமானதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. டிசியைக் கட்டண வசூலுக்கான கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கேட்கும் தொகை அதற்குள் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

அரசுப் பள்ளிக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் தொடங்கிய முதலமைச்சர் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல் இதே டெல்டாவின் திருக்குவளையில் இருந்துதான் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடிகாலை வயலுக்குப் போகும் தாய்க்கு அது நேரடி உதவி. 2024-லும் 2025-லும் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-லேயே தொடங்கியதும் நல்ல மாற்றம். ஆனால் சோறும் தேதியும் மட்டும் போதாது.

முதலாவது, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்கேஜி நிரந்தரமாக வேண்டும், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரோடு. முதல் கட்டத்திலேயே இல்லாத பள்ளி, அடுத்த கட்டத்தில் "ஏன் வரல" என்று கேட்க முடியாது.

இரண்டாவது, தொடக்கப் பள்ளி ஆசிரியர் எண்ணிக்கையைத் தலைக்கணக்கில் மட்டும் வைக்கக் கூடாது. குறைந்தது மூன்று ஆசிரியர், அதில் ஒருவர் 1, 2-ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று உறுதி செய்தால் சுழல் அங்கேயே நிற்கும். செலவு கூடும்தான். ஆள் குறைந்த பள்ளியை மெல்ல மெல்ல இழப்பதும் செலவுதான். அதைக் கட்டுவது கூலிக் குடும்பம்.

மூன்றாவது, 5-ஆம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும், தனியார் பள்ளிப் பிள்ளை உட்பட, ஒரு பக்கத் தாள் போக வேண்டும். 6-ல் எந்தப் பள்ளி என்றால் எந்தச் சலுகை உண்டு, எது இல்லை என்று நல்ல தமிழில். இதற்குப் புதுத் திட்டம் வேண்டாம், அச்சுக்கூலி போதும்.

நான்காவது, 25 சதவீத இடத்துக்கான பணம் அரசியல் தகராறில் சிக்காமல், சேர்க்கை மே மாதத்துக்குள் முடிய வேண்டும். 9-ஆம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற வழிகாட்டவும் ஆள் வேண்டும்.

ஊரை விட்டு சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று போன இளைஞர்களுக்கும் இதில் வேலை உண்டு. "தம்பி, நீ படிச்ச புள்ள, எங்க சேர்க்கலாம் சொல்லு" என்று ஊரிலிருந்து வரும் போனுக்கு "நல்ல பள்ளியாப் பாத்து சேருங்க" என்பது பதில் ஆகாது. ஒண்ணாவதுக்குத் தனி டீச்சர் உண்டா, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பிள்ளை தமிழில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்குதா, கடன் வாங்கிக் கழித்தல் போடுதா, மொத்த வருஷச் செலவு எவ்வளவு, 6-ல் என்ன திட்டம் என்று இந்த ஐந்தையும் கேட்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. வாசிக்கச் சொல்லிப் பார்க்க வீடியோ கால் போதும்.

ஏழைக் குடும்பம் தப்பான பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது என்று குறை சொல்வது எல்லோருக்கும் வசதி. 66 நாள் கூலியைக் கொட்டத் தயாராக இருக்கும் குடும்பத்துக்குப் படிப்பின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் கண்முன் இருக்கும் பள்ளிகளில் எது என்ன தரும், எது தராது என்ற உண்மை சரியான வயதில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த ஜூனுக்குள் அதையாவது செய்து முடிக்கலாம்.